கை மாறிய பொருளுக்குக் கணக்கு உண்டா? – மின்கழிவும் மறுமை விசாரணையும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்றைய ஜும்ஆவில் நாம் சிந்திக்க இருப்பது அன்றாடம் நடக்கும் ஒரு சின்ன விஷயம். வீட்டில் கெட்டுப்போன டிவியை, உடைந்த செல்போனை, உயிர்போன இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய சாமான் வாங்க வருபவரிடம் போட்டுக் காசு வாங்கிக்கொள்கிறோம். விலை பேசியாயிற்று, காசு கைக்கு வந்தாயிற்று, பொருள் அவர் வண்டியில் ஏறியாயிற்று. இனி அதை அவர் உடைத்தாலும் எரித்தாலும் அது அவர் பாடு என்று கதவைச் சாத்திவிடுகிறோம்.

பொருள் கை மாறியதும் நம்முடைய பொறுப்பும் கை மாறிவிடுகிறதா? அந்தப் பொருளால் பிறகு வரும் தீங்குக்கு அல்லாஹ்விடம் நமக்குக் கணக்கு உண்டா, இல்லையா? இதுதான் இன்றைய கேள்வி.

நம் பரண்களில் இருப்பது என்ன?

2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஐந்தாண்டுகளில் மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு மடிக்கணினி என்று வந்தன. அருப்புக்கோட்டை தறி வீடுகளிலும், திருச்சுழி, நரிக்குடி, பரளச்சிப் பக்கத்துக் கிராமங்களிலும் அவை போகாத தெரு குறைவு. ஏழை வீட்டுக்குக் கிடைத்த நல்ல பொருட்கள் அவை. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது. சில பரணில் கிடக்கின்றன. சில ஏற்கெனவே எடைக்குப் போய்விட்டன.

அந்தப் பழைய டிவியின் கண்ணாடிக் குழாயில் ஈயம் கலந்திருக்கிறது. குழாயின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. பிரிப்பவருக்கு வேண்டியது அந்தச் செம்பு. அதற்காகக் குழாயை உடைப்பார். செம்பு கடைக்குப் போகும். காசாகாத கண்ணாடி ஓடைக்கரையிலோ சீமைக் கருவேலம் புதரிலோ விழும். வயர்களில் இருக்கும் செம்பை எடுக்கச் சுலபமான வழி தீ வைப்பது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் புகையில் கலக்கின்றன. சர்க்யூட் போர்டில் ஒட்டியிருக்கும் துளித் தங்கத்துக்காக அதை அமிலத்தில் ஊறவைப்போர் உண்டு. மிஞ்சிய அமிலம் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகும். டியூப்லைட், சி.எஃப்.எல். பல்புகளில் பாதரசம் இருக்கிறது. அவற்றை உடைத்தாலே ஆவி வெளிவரும்.

திருச்சுழி வட்டாரத்து மக்களுக்குக் கரிமூட்டப் புகை பழக்கமானது. ஆனால் விறகுப் புகையையும் வயர் எரியும் புகையையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. விறகின் சாம்பல் உரமாகிறது. ஈயம் எத்தனை ஆண்டு கிடந்தாலும் ஈயமாகவே மண்ணில் இருக்கும். அது குழந்தையின் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இரும்புக்கடைக்காரர் நம் எதிரியா?

இதைக் கேட்டவுடன் பழைய சாமான் வாங்குபவரைக் குற்றவாளியாக்கிவிட வேண்டாம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துத் தெருத்தெருவாகச் சுற்றிய மனிதர்களால்தான் நம் ஊர்களில் எத்தனையோ பொருள் வீணாகாமல் மறுபடி உலைக்குப் போனது. காயலான் கடை என்ற சொல்லே அந்தத் தொழிலில் இருந்த காயல்பட்டினத்து வியாபாரிகளை வைத்து வந்தது என்பார்கள். நம் முன்னோர் செய்த ஹலாலான தொழில் அது. அந்தத் தொழிலால் அடுப்பெரியும் குடும்பங்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கின்றன.

அவர் வாங்கும் பொருள்தான் மாறிவிட்டது. அன்று அவர் வாங்கியது இரும்பு, பித்தளை, ஈயப் பாத்திரம். இன்று வாங்குவது பாதரசமும் காட்மியமும் அமிலமும் உள்ளே மறைந்திருக்கும் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. விற்கும் நாமும் சொல்வதில்லை.

வியாபாரத்தில் குறையை மறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் அறிவோம். மதீனாவின் சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததை வியாபாரி அடியில் வைத்திருந்தார். அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்து, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் இல்லை என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). ஈரமான கோதுமையால் வாங்குபவருக்கு வருவது பண நஷ்டம். அதையே மறைக்கக் கூடாது என்றால், வாங்குபவரின் நுரையீரலையும் அவர் பிள்ளையின் மூளையையும் தொடும் குறையை மறைக்கலாமா?

கொடைக்கானல் சொல்லும் பாடம்

எடைக்குப் போட்டால் விஷயம் முடிந்தது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமக்குப் பக்கத்து மலையிலேயே சாட்சி இருக்கிறது.

கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஆலை 1980-களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவரப்பட்டது. பிறகு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், அந்த ஆலையிலிருந்து போன பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, டன் கணக்கில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்தார்கள். ஆலையைப் பொறுத்தவரை அது விற்றுவிட்ட கழிவு. ஆனால் விற்றாயிற்று என்ற பதிலை ஊர் ஏற்கவில்லை. போராட்டம் எழுந்தது, அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003-ல் பாதரசக் கழிவு சுமார் 290 டன் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2016-ல்தான் நிறுவனத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

டெல்லியில் 2010-ல் நடந்தது இதைவிடக் கொடியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியைப் பழைய பொருளாக ஏலம் விட்டார்கள். மாயாபுரி இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களுக்கு உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாது. பலர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், ஒரு தொழிலாளி இறந்தே போனார். படித்தவர்கள் நிறைந்த இடத்திலிருந்து ஏலம் விட்டுப் போன பொருள் அது. ஏலம் முடிந்தது. ஒரு மனிதர் மட்டும் இல்லை.

நம் வீட்டு டிவியில் கோபால்ட் இல்லைதான். ஆனால் இந்த இரண்டு சம்பவத்திலும் இருக்கும் அதே மூன்று விஷயங்கள் நம் வாசலிலும் இருக்கின்றன: விற்பவருக்கு அந்தப் பொருள் தொல்லை, வாங்குபவருக்கு அது பிழைப்பு, ஆபத்து என்னவென்று இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு பழைய விவாதம்

விற்ற பிறகு நடப்பதற்கு விற்றவர் பொறுப்பா என்ற கேள்வி இமாம்களுக்குப் புதிதல்ல. திராட்சைச் சாற்றை மது காய்ச்சுபவருக்கு விற்கலாமா என்று அவர்கள் விவாதித்தார்கள். மது காய்ச்சுவார் என்று உறுதியாகத் தெரிந்தே விற்பது ஹராம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதை அனுமதித்தார்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் அதை வெறுக்கத்தக்கது என்றார்கள்.

அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் அனுமதியைக் கேட்டதும், அப்படியானால் நமக்குப் பிரச்சினை இல்லை என்று சிலர் நினைக்கலாம். அனுமதிக்கு ஹனஃபி நூல்கள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். பாவம் அந்தச் சாற்றில் இல்லை; சாறு மாறி மதுவான பிறகே பாவம் வருகிறது. நடுவில் இன்னொருவர் தம் விருப்பத்தால் செய்யும் ஒரு செயல் இருக்கிறது. அதே நூல்கள், குழப்பக் காலத்தில் குழப்பவாதிகளுக்கு ஆயுதம் விற்பதைக் கூடாது என்கின்றன. ஏனென்றால் அங்கே பொருள் மாற வேண்டியதில்லை. தீங்கு அந்தப் பொருளைக் கொண்டே நேரடியாக நடக்கிறது.

இனி நம் வீட்டு மின்கழிவு எந்தப் பக்கம் சேரும் என்று நீங்களே யோசியுங்கள். ஈயத்தை இரும்புக்கடைக்காரர் உண்டாக்கவில்லை. பாதரசத்தை அவர் ஊற்றவில்லை. நச்சு நாம் கொடுக்கும்போதே பொருளுக்குள் இருக்கிறது. அவர் திறக்க மட்டும் செய்கிறார். அதுவும் தெரியாமல் திறக்கிறார். இதை ஃபத்வாவாகச் சொல்லவில்லை. அது முஃப்திகளின் வேலை. ஆனால் கை மாறினால் பொறுப்பு தீர்ந்தது என்று சொல்ல, இருப்பதிலேயே தாராளமான கருத்திலும் நமக்கு எளிதில் இடம் கிடைக்காது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

தெரியாமல் செய்ததற்கு அல்லாஹ் மன்னிப்பாளன். தெரிந்த பிறகு நம் நிலை வேறு. இந்த உரையைக் கேட்டவர்களும் வாசித்தவர்களும் இனி தெரிந்தவர்கள்.

வறண்ட பூமியில் கழிவு எங்கே போகும்?

நம்முடையது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். பெய்கிற கொஞ்ச மழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கித்தான் நம் முன்னோர் இந்தக் கரிசலில் வாழ்ந்தார்கள். தெருவில் விழுந்த மழை ஓடைக்கு, ஓடையிலிருந்து கண்மாய்க்கு, கண்மாயிலிருந்து நிலத்தடிக்கு என்று போகிறது. வற்றாத ஆறு ஓடும் ஊரில் அழுக்கைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும் (அடுத்த ஊருக்குத்தான்). நம் ஊரில் அதுவும் இல்லை. போட்டது போட்ட இடத்தில் கிடந்து, கோடையில் தூசியாகப் பறந்து, ஐப்பசியில் கண்மாய்க்குள் இறங்கும். கண்மாயில் ஆடு மாடு குடிக்கிறது, மீன் வளர்கிறது, கரையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

தண்ணீர்த்துறை, மக்கள் நடக்கும் பாதை, நிழல் தரும் இடம் ஆகிய மூன்றிலும் அசுத்தம் செய்வது மக்களின் சாபத்தைத் தேடிக்கொள்ளும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). வெயில் காய்ந்த அரபு மண்ணில் தண்ணீரும் நிழலும் என்ன விலை என்று தெரிந்த நபியின் எச்சரிக்கை அது. அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அங்கே பேசப்பட்ட அசுத்தம் சில நாளில் மண்ணோடு மண்ணாகிவிடும். ஈயம் ஆகாது.

கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே போவது சிரமம் என்று தம் பகுதியில் ஓட்டை போட நினைத்த உவமையையும் நாம் கேட்டிருக்கிறோம் (புகாரி). அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. மேலே உள்ளவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுதான் நினைத்தார்கள். தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். ஓர் ஊரின் நிலத்தடி நீரும் அந்தக் கப்பலின் அடித்தளம் போன்றதுதான்.

இதற்குச் சாட்சி உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத். பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர்பெற்ற அந்த ஊருக்கு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சர்க்யூட் போர்டுகள் போய்ச் சேர்ந்தன. ராம்கங்கை ஆற்றங்கரையில் எரித்து, அரைத்து, கழுவிச் செம்பு எடுத்தார்கள். கரை முழுவதும் கறுப்புச் சாம்பல் குவிந்தது. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கரையில் அந்தக் கழிவைக் கொட்டுவோருக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று உத்தரவிட வேண்டிவந்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் நம் சமுதாயத்து ஏழைகளும் உண்டு. நம் வீட்டிலிருந்து எடைக்குப் போன போர்டு எந்தக் கரையில் எரிந்தது என்று நமக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

கூடுதலாகக் கிடைத்த காசு யாருடையது?

சிலர் நியாயமாக ஒன்று கேட்பார்கள். “ஹஜ்ரத், முறையாக மறுசுழற்சி செய்பவர் குறைந்த விலைதான் தருகிறார், சில பொருளுக்கு ஒன்றுமே தருவதில்லை. தெருவில் வருபவர் கையில் காசு கொடுக்கிறார். நான் ஏன் நஷ்டப்பட வேண்டும்?”

விலை ஏன் வேறுபடுகிறது என்று பாருங்கள். முறையாகச் செய்பவர் புகையைப் பிடிக்கும் இயந்திரம் வைக்க வேண்டும், தொழிலாளிக்கு முகக்கவசமும் கையுறையும் கொடுக்க வேண்டும், காசாகாத ஈயக் கண்ணாடியையும் பணம் செலவழித்துப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்ப வேண்டும். முறையில்லாமல் செய்பவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அந்தச் செலவை எரிப்பவரின் நெஞ்சும், பக்கத்து வீட்டுக் குழந்தையும், ஊர்த் தண்ணீரும் கட்டுகின்றன. ஆக, நம் கைக்கு வந்த அந்தக் கூடுதல் நூறு ரூபாய் நமக்குத் தெரியாத யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்தது.

இங்கேதான் முஃப்லிஸ் பற்றிய ஹதீஸ் நினைவுக்கு வர வேண்டும் (முஸ்லிம்). மறுமையில் தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு ஒருவர் வருவார். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவரின் பொருளைத் தின்றிருப்பார், ஒருவரை அடித்திருப்பார். பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து அவருடைய நன்மைகளை வாங்கிக்கொள்வார்கள். நன்மை தீர்ந்ததும் அவர்களின் பாவம் இவர் தலையில் ஏறும். உண்மையான திவாலாகிப்போனவர் இவர்தான்.

தெரிந்தவருக்குச் செய்த அநியாயத்துக்கு இந்த உலகிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம். பெயர் தெரியாத, ஊர் தெரியாத, இன்னும் பிறக்காத குழந்தைக்குச் செய்த தீங்குக்கு யாரிடம் போய் ஹலால் கேட்பது? மற்ற பாவங்களைவிட இதில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்காகத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, தேவையில்லாமல் வாங்குவதைக் குறைக்க வேண்டும். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கும் குர்ஆனின் 17-ஆம் அத்தியாயத்தை நாம் கல்யாணச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். ஓடுகிற போனைத் தூக்கிப் போட்டுப் புதுப் போன் வாங்குவதும் அதில் வரும். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (அஹ்மத்). பழுது பார்த்துப் பயன்படுத்துவது சுன்னத்தான பண்பு. நம் பஜாரில் செல்போன், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் இளைஞருக்கு வேலை கொடுப்பதும் இதில் அடங்கும்.

இரண்டாவது, சட்டம் தந்த வழியைப் பயன்படுத்த வேண்டும். 2022-ல் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரித்து விற்கும் நிறுவனங்களே தங்கள் பொருளின் கழிவு முறையாக மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பு. பேட்டரிக்கும் 2022-லேயே தனி விதி வந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்தில் நமக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருக்கிறது: பழையதைக் கடையில் கொடுத்துப் புதியதில் விலை கழித்துக்கொள்கிறோம். அதைப் போலவே மற்றப் பொருள் வாங்கும்போதும் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார்.

மூன்றாவது, தனி ஆளால் முடியாததை ஜமாஅத் செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைகள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஒரு செல்போனுக்காக அங்கிருந்து யாரும் அருப்புக்கோட்டைக்கு வரமாட்டார்கள். ஒரு வண்டி நிறையச் சேர்ந்தால் வருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை, ரமலானுக்கு முன் வீடு சுத்தம் செய்யும் ஷஅபான் மாதத்தில், பள்ளிவாசல் சார்பில் ஒரு நாள் குறித்து மஹல்லா முழுவதும் சேகரிக்கலாம். ஊரின் கோயில், சர்ச் நிர்வாகத்தாரையும் பள்ளிக்கூடங்களையும் அழைத்துச் சேர்ந்தே செய்யலாம். கண்மாய் எல்லோருக்கும் பொது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ளவர்களிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பள்ளிவாசலின் பழைய ஆம்ப்ளிஃபையர், யு.பி.எஸ். பேட்டரி, டியூப்லைட் ஆகியவற்றிலிருந்தே முத்தவல்லிகள் இதைத் தொடங்கலாம். அவை வக்ஃபுப் பொருள், அமானிதம்.

நான்காவது, நம் தெரு வியாபாரியைக் கைவிட்டுவிடக் கூடாது. சேகரிக்கும் வேலையை அவரிடமே கூலி பேசிக் கொடுக்கலாம். வீடு வீடாக ஏறி இறங்கி அவருக்குத் தெரிந்த அளவு ஊர் யாருக்குத் தெரியும்? உடைக்காமல், எரிக்காமல் முழுதாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஜமாஅத் காசு கொடுத்தால் அவருக்கும் பிழைப்பு நடக்கும், அவர் பிள்ளைகளின் உடம்பும் தப்பும்.

அதுவரை வீட்டில் நாம் செய்ய வேண்டியவை எளியவை. டியூப்லைட்டை உடைக்காமல் அட்டையில் சுற்றி வையுங்கள். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம். போனைக் கொடுக்கும் முன் குடும்பப் படங்களை முழுவதுமாக அழித்துவிடுங்கள். வீட்டுப் பெண்களின் மானமும் அமானிதமே. வயரை ஒருபோதும் எரிக்காதீர்கள், எரிப்பதைக் கண்டால் அழகிய முறையில் எடுத்துச் சொல்லுங்கள்.

சகோதரர்களே! உலகம் முழுவதும் 2022-ல் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு உண்டானது. அதில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கு இருக்கிறது என்று ஐ.நா. சார்ந்த அறிக்கை சொல்கிறது. அந்த மலையை அகற்றும் பொறுப்பை அல்லாஹ் நம்மிடம் கேட்கமாட்டான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபி (ஸல்) அவர்கள் சொல்லித்தந்தார்கள். பரணில் கிடக்கும் அந்த ஒரு டிவியை எங்கே வைத்தாய் என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! நாங்கள் அறிந்தும் அறியாமலும் பிற உயிர்களுக்குச் செய்த தீங்குகளை மன்னிப்பாயாக. எங்கள் மண்ணையும் தண்ணீரையும் பாதுகாப்பாயாக. குப்பையில் உழைத்துப் பிழைக்கும் எங்கள் சகோதரர்களுக்கு ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் தருவாயாக. மறுமையில் திவாலானவர்களாக எங்களை எழுப்பிவிடாதே. எங்கள் வறண்ட பூமிக்கு நல்ல மழையைத் தந்து, அது தூய்மையாகத் தங்கும் கண்மாய்களை எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் பாக்கியத்தைத் தருவாயாக. ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.